வட்டமா, நீளமா?

2024 ஜூலை மாதத் தொடக்கத்தில் மேட்டூர் அணையின் நீர்மட்டம் 40 அடியை ஒட்டிக் கிடந்தது. அந்த மாதம் குடகிலும் வயநாட்டிலும் மழை கொட்டித் தீர்த்தது. கபினி நிரம்பியது, கிருஷ்ணராஜ சாகர் நிரம்பியது, உபரிநீரெல்லாம் காவிரியில் இறங்கியது. ஜூலை 30-ஆம் தேதி மேட்டூர் 120 அடியைத் தொட்டது. ஒரே மாதத்தில் ஏறக்குறைய 80 அடி.

டெல்டா விவசாயிக்கு அது பாசனக் கணக்கு. அணைக்குள் வலை விரித்துப் பிழைக்கும் மீனவருக்கு வேறு கணக்கு. ஜூன் மாதம் அவர் தொழில் செய்த இடம் சேறும் பாறையும் மூட்டோடு நிற்கும் பட்ட மரங்களுமாக இருந்தது. ஆகஸ்டில் அதே இடத்தில் எதிர்க்கரை மங்கலாகத் தெரியும் ஏரி. 1934-இல் திறக்கப்பட்ட இந்த நீர்த்தேக்கம் நிறைந்திருக்கும்போது 150 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடக்கிறது. வற்றினால் பண்ணவாடிப் பக்கம், அணை கட்டியபோது மூழ்கிய கோயிலின் நந்தி தலைகாட்டும். நிறைந்த நாளில் அதற்கு மேலேயே ஆட்கள் துடுப்புப் போட்டுப் போவார்கள். மேலே ஒகேனக்கல்லில் அதே காவிரி பாறை இடுக்குகளுக்குள் நுரைத்துச் சுழல்கிறது.

இப்படி மாதத்துக்கு ஒரு முகம் காட்டும் நன்னீரில் மீன் பிடிக்க எந்தப் படகு சரி? கடைக்காரரைக் கேட்டால் விலைப்பட்டியலை நீட்டுவார். இயற்பியலைக் கேட்டால் அது மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்கும். தண்ணீர் எவ்வளவு ஆழம்? காற்று எவ்வளவு தூரம் தடையில்லாமல் ஓடி வருகிறது? பிடித்த மீனை எந்தப் பக்கமாக, எப்படி மேலே தூக்கப்போகிறீர்கள்? உலகத்தின் நன்னீர்ப் படகுகள் அத்தனையும் இந்த மூன்று கேள்விகளுக்கு மனிதர்கள் கண்டுபிடித்த விடைகள்தாம். ஒன்றுக்கு நல்ல விடை சொல்லும் படகு பெரும்பாலும் இன்னொன்றில் தோற்கும். அதனால்தான் எல்லா நீருக்கும் பொருந்தும் படகு என்று ஒன்று இதுவரை பிறக்கவில்லை.

மேட்டூர் மீனவரின் விடை பரிசல். மூங்கிலைப் பிளந்து, சீவி, கூடை முடைவதுபோல் வட்டமாக முடைகிறார்கள். அடிப்பகுதியில் பத்தைகள் நெருக்கமாகக் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். விளிம்பில் தடித்த மூங்கில் கட்டு. முன்பு இதன் மேல் மாட்டுத் தோலைப் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் தாளையோ சாக்கையோ போர்த்தி, உருக்கிய தாரைப் பூசுகிறார்கள். தார் காய்ந்து வெடித்த இடங்களில் மறுபடி பூச வேண்டும்; கரையோரம் கவிழ்த்துப் போட்ட பரிசலும், பக்கத்தில் தார் டப்பாவும், மூன்று கல் அடுப்பும் மீனவர் முகாம்களில் வழக்கமான காட்சி. மழை பிடித்தால் கவிழ்ந்த பரிசலே கூரை.

வட்டப் படகு தமிழகத்துக்கு மட்டும் உரியதல்ல. பாபிலோனுக்கு யூப்ரட்டீஸ் ஆற்றில் சரக்கு ஏற்றி வந்த தோல் போர்த்திய வட்டப் படகுகளைப் பற்றிக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கி.மு. 5-ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். நீரோட்டத்தை எதிர்த்துத் திரும்பிப்போக முடியாது என்பதால், வந்து சேர்ந்ததும் சட்டகத்தை விற்றுவிட்டுத் தோல்களைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு தரைவழியே ஊர் திரும்பினார்களாம். 1520-களையொட்டி விஜயநகரத்துக்கு வந்த போர்த்துகீசியர் டொமிங்கோ பாயஸ், அங்கே கூடை வடிவப் படகுகளில் ஆட்களோடு குதிரைகளும் மாடுகளும் ஆறு கடந்ததைக் குறித்துவைத்தார். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1930-களில் தென்னிந்தியப் பரிசல்களைப் பற்றித் தனிக்கட்டுரையே எழுதினார். இத்தனை காலம் இந்த வடிவம் பிழைத்து நிற்பதற்கு ஏழ்மை மட்டும் காரணமாக இருக்க முடியாது. அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது.

முதல் கணக்கு ஆழம் பற்றியது. மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை விலக்குகிறது என்பது ஆர்க்கிமிடீஸ் விதி. நீர்க்கோட்டில் 2 மீட்டர் விட்டமுள்ள பரிசலை எடுத்துக்கொள்வோம். அதன் வட்டப் பரப்பு ஏறக்குறைய 3.14 சதுர மீட்டர். ஆகவே அது ஒவ்வொரு சென்டிமீட்டர் அமிழும்போதும் சுமார் 31 லிட்டர் நீரை, அதாவது 31 கிலோ எடையை, ஏற்றுக்கொள்கிறது. பரிசல், இரண்டு ஆட்கள், வலை எல்லாம் சேர்த்து 200 கிலோ என்றால் அது அமிழ்வது 6 அல்லது 7 சென்டிமீட்டர்தான். கணுக்கால் நனையும் நீரே போதும். 50 கிலோ மீன் ஏறினாலும் இன்னும் 2 சென்டிமீட்டர் கூடும், அவ்வளவே. கோடையில் நீர் பின்வாங்கும்போது சேற்றுக்கும் பாறைக்கும் மேலே வழுக்கிக்கொண்டு போக இதைவிடச் சிறந்த அடிப்பாகம் கிடையாது.

இந்த இடத்தில் ஆறு, ஏரிகளுக்கே உரிய ஒரு சின்ன விவரத்தையும் சொல்லிவிட வேண்டும். கடல்நீர் ஒரு கனமீட்டருக்கு ஏறக்குறைய 1025 கிலோ. நன்னீர் 1000 கிலோ. எனவே கடலில் மிதந்த அதே படகு, அதே சுமையோடு அணைக்கு வந்தால் இரண்டரை சதவீதம் கூடுதல் நீரை விலக்கியாக வேண்டும். அந்த அளவு கீழே இறங்கி மிதக்கும். சரக்குக் கப்பல்களின் பக்கவாட்டில் நன்னீருக்கென்று தனிச் சுமைக்கோடு வரைந்திருப்பது இதனால்தான். சிறு படகில் வித்தியாசம் சில மில்லிமீட்டர். ஆனால் சுமையை விளிம்பு வரை ஏற்றும் பழக்கம் உள்ளவர்களுக்கு மில்லிமீட்டரும் கணக்குத்தான்.

பரிசலின் உண்மையான மேதைமை இரண்டாவது கணக்கில் இருக்கிறது. மாலையில் விரித்த செவுள் வலையை விடிகாலையில் எடுப்பதை அருகிலிருந்து பார்த்தால் புரியும். ஒருவர் துடுப்பைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் விளிம்போரம் மண்டியிட்டு, நெஞ்சு விளிம்பில் படியும்வரை குனிகிறார். இரண்டு கையாலும் வலையைப் பிடித்து இழுக்கிறார். கண்ணியில் செவுள் மாட்டிய ஜிலேபி மீன் துள்ளுகிறது. அதை நெரித்துவிடாமல், வலை கிழியாமல், விரல்களால் கண்ணியைச் செவுளிலிருந்து விலக்கிக் கழற்றிப் பரிசலுக்குள் போடுகிறார். அடுத்த முழம். சில சமயம் ஒரு பெரிய கட்லா. அது உதறும் உதறலில் ஆளே ஆடிப்போவார். இந்த வேலை முழுவதும் ஒரே பக்கத்தில் நடக்கிறது. இருந்தாலும் பரிசல் கவிழ்வதில்லை.

ஏன் கவிழ்வதில்லை என்பதற்கான விடையை ஓர் அறிஞர் மலை மேல் இருந்துகொண்டு யோசித்தார். பிரெஞ்சு விஞ்ஞானி பியேர் பூகேர், பூமியின் வடிவத்தை அளக்க 1735-இல் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடருக்குப் போன குழுவில் இருந்தவர். ஐரோப்பா திரும்பியபின் 1746-இல் வெளியிட்ட கப்பல் நூலில் அவர் ‘மெட்டாசென்டர்’ என்ற கருத்தை வகுத்தார். படகு ஒரு பக்கம் சாயும்போது, அந்தப் பக்கம் கூடுதலாக அமிழ்கிறது. நீர் மேல்நோக்கித் தள்ளும் புள்ளியும் அந்தப் பக்கமே நகர்கிறது. அப்படி நகர்ந்த புள்ளியிலிருந்து நேர்மேலே ஒரு கோடு போட்டால், அது படகின் நடுக்கோட்டை வெட்டும் இடம்தான் மெட்டாசென்டர். அது படகின் எடைமையத்துக்கு மேலே இருந்தால் படகு நிமிரும். கீழே போய்விட்டால் கவிழும். மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு விறைப்பாகப் படகு நிமிரும்.

அந்த உயரத்தைத் தீர்மானிப்பதில் படகின் நீளத்தைவிட அகலத்துக்கு மிகப் பெரிய பங்கு. அகலம் இரண்டு மடங்கானால், நிமிர்த்தும் பண்பு எட்டு மடங்காகிறது. அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தில் அது வளர்கிறது. மேலே சொன்ன 2 மீட்டர்ப் பரிசலுக்கு, 200 கிலோ மொத்த எடையில், மெட்டாசென்டர் ஏறக்குறைய 4 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. எழுந்து நிற்கும் ஆளின் தலைக்கும் மேலே! அதே எடையை 4 மீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட ஒல்லித் தோணியில் ஏற்றினால் அந்த உயரம் 40 சென்டிமீட்டரைத் தாண்டாது. அதில் உட்கார்ந்திருக்கும் ஆளின் எடைமையமே கிட்டத்தட்ட அந்த உயரத்தில் இருக்கும். எழுந்து நின்றால் தீர்ந்தது. பரிசலிலோ 65 கிலோ எடையுள்ள ஒருவர் விளிம்புக்கே போய்க் குனிந்தாலும் சாய்வு 5 டிகிரியை ஒட்டியே இருக்கும். மேட்டூர் மீனவர் பூகேரைப் படித்ததில்லை. அவருடைய முழங்கால்களுக்கு இந்தக் கணக்கு தெரியும்.

வட்டத்துக்கு இன்னொரு வரம், அதற்கு முன்னும் பின்னும் கிடையாது. ஒகேனக்கல்லின் பாறை இடுக்குகளில் நீரோட்டம் எந்தப் பக்கம் தள்ளும் என்று சொல்ல முடியாது. நீளமான படகு பாறையில் குறுக்கே மாட்டினால், நீரின் முழு வேகமும் அதன் நீளமான பக்கத்தில் மோதும். படகு முறியும் அல்லது புரளும். பரிசல் பாறையில் இடித்தால் உருண்டு விலகிவிடும். வளையும் மூங்கில் அந்த இடியையும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். திரும்பி வர வேண்டுமா? பரிசலைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு பாறை வழியே நடந்து வருகிறார்கள். ஹெரோடோட்டஸ் கண்ட கழுதைகளின் வேலையை இங்கே ஓட்டுநரின் தலையே செய்துவிடுகிறது. ஆனால் இந்த வரத்துக்கும் எல்லை உண்டு. வெள்ளம் பெருகினால் மாவட்ட நிர்வாகம் ஒகேனக்கல்லில் பரிசல் இயக்கத் தடை விதிப்பது ஆண்டுதோறும் வரும் செய்தி. சுழலும் நீரில் வட்டமும் சுழலும். ஓட்டுபவரின் கையால் அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது.

பரிசலின் குறை நகரத் தொடங்கியதும் தெரியும். பக்கத்தில் ஒரு துடுப்புப் போட்டால் அது முன்னே போவதற்குப் பதில் சுற்றுகிறது. நேராக ஓட, ஓட்டுபவர் முன்பக்க விளிம்பில் குனிந்து, துடுப்பைத் தனக்கு முன்னால் நீரில் இறக்கி, தன்னை நோக்கி இழுக்க வேண்டும். இடமும் வலமும் மாற்றி மாற்றி இழுத்தால் பரிசல் தலையாட்டிக்கொண்டே முன்னேறும். பழகியவர் கையில் அது அழகான வித்தை. வேகம் மட்டும் வராது.

வேகத்தின் விதியைச் சோதித்துக் காட்டியவர் இங்கிலாந்தின் வில்லியம் ஃபிரூட். 1870-களின் தொடக்கத்தில் டார்க்கீ நகரில் நீண்ட தொட்டி ஒன்றைக் கட்டி, மெழுகால் செய்த கப்பல் மாதிரிகளை அதில் இழுத்து அளந்தார். படகு ஓடும்போது தன் முன்பக்கத்தில் ஒரு அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலை நீளமாகிறது. அலையின் நீளமும் படகின் நீளமும் சமமாகும்போது, படகு தானே எழுப்பிய முன்னலைக்கும் பின்னலைக்கும் நடுவே சிக்கிக்கொள்கிறது. அதற்கு மேல் வேகம் கூட்டுவது, தன் முன்னலை மேல் ஏறப் பார்ப்பதாகும். எவ்வளவு துடுப்புப் போட்டாலும் பலன் இல்லை. அந்த எல்லையைத் தோராயமாக இப்படிக் கணக்கிடலாம்: படகின் நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.5-ஆல் பெருக்கினால், மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வரும். 2 மீட்டர்ப் பரிசலுக்கு 6.4. 4 மீட்டர்த் தோணிக்கு 9. 8 மீட்டர்ப் படகுக்கு 12.7. மழுங்கிய வட்டமான பரிசல் தன் 6.4-ஐயும் எட்டுவதில்லை. நடை வேகத்தில்தான் போகும்.

குட்டையிலும் குறுகிய ஆற்றிலும் நடை வேகம் போதும். நிறைந்த மேட்டூரில் போதாது. அங்கேதான் காற்று வருகிறது.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நிலத்துக்காரர்கள் சொன்னது. நீரில் காற்றின் பலத்தோடு, அது தடையின்றி ஓடி வரும் தூரமும் சேர்ந்தே அலையைத் தீர்மானிக்கிறது. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று 1 கிலோமீட்டர் அகலமுள்ள ஏரியைக் கடந்து வந்தால், எதிர்க்கரையில் அலை ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் எழும். அதே காற்று 10 கிலோமீட்டர் திறந்த நீரைக் கடந்து வந்தால் அரை மீட்டர். தூரம் நான்கு மடங்கானால் அலை சுமார் இரண்டு மடங்கு. அதனால் அணை நிறையும்போது காற்று மாறாமலே அலை வளர்கிறது. கரையோரக் குடாவில் அமைதியாக இருந்த நாளில், நடு அணையில் நுரை தெறித்துக்கொண்டிருக்கும்.

ஏரி அலைக்கு ஒரு தனிக்குணமும் உண்டு. கடலில் தொலைவிலிருந்து வரும் பெரிய அலை எட்டு, பத்து நொடிகளுக்கு ஒன்று வரும். படகு மெல்ல ஏறி மெல்ல இறங்கும். அணையின் அரை மீட்டர் அலையோ மூன்று நொடிக்கு ஒன்று. உயரம் குறைவு, ஆனால் நெருக்கம். முந்தைய அலையில் உள்ளே விழுந்த நீரை இறைத்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். கடலோரத்தில் பழகியவர்கூட அணைக்கட்டில் அசந்துபோவது இந்த நெருக்கத்தினால்தான்.

பரிசல் இந்த அலையில் உடனே கவிழ்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அலையின் நீளம் 13 மீட்டர், பரிசல் 2 மீட்டர்; அது அலையோடு ஏறி இறங்கிவிடும். ஆபத்து வேறு வழியில் வருகிறது. பரிசலுக்கு அடியில், பக்கவாட்டில் நழுவாமல் நீரைப் பிடித்துக்கொள்ளும் ஏராக்கட்டை இல்லை, எடையும் இல்லை. காற்று அதைப் பிடித்து நீரின் மேல் தள்ளிக்கொண்டே போகும். நடை வேகத்தில் துடுப்புப் போடுபவர் எதிர்க்காற்றில் நின்ற இடத்திலேயே நிற்பார், அல்லது பின்னால் போவார். அலை முறிந்து உள்ளே விழும் நீர் அடியில் தேங்கும். தேங்கிய நீர் சாய்வான பக்கமே ஓடிச் சேரும்; அகலத்தால் கிடைத்த அத்தனை நிலைப்பையும் அந்த நீர் மெல்லத் தின்றுவிடும். அகலமான படகுக்கு உள்ளே தேங்கும் நீர்தான் முதல் எதிரி. முகத்தில் காற்று மாறியதும் துடுப்பை எடுத்துக் கரையைப் பார்க்கும் மேட்டூர்க்காரர் பயந்தவர் அல்லர். கணக்கு அறிந்தவர்.

திறந்த நீரும் நீண்ட காற்றும் உள்ள இடத்தில் படகு எப்படி இருக்கும் என்பதற்கு ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரி நல்ல உதாரணம். பரப்பு 68,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். தமிழ்நாட்டில் பாதியைவிடப் பெரிது. உகாண்டாவில் முக்கேனே, கென்யாவில் ஒமேனா, தான்சானியாவில் டகா என்று அழைக்கப்படும் விரல் நீளச் சிறு மீனை, இருட்டில் விளக்கைக் காட்டிக் கூட்டிப் பிடிக்கிறார்கள். அதே இரவு நேரத்தில்தான் கரையிலிருந்து வீசும் காற்றுகள் ஏரியின் மேல் மோதி இடிமழையை எழுப்புகின்றன. அங்கே வழிவழியாக வந்த செஸ்ஸே படகு நீளமானது, பலகைகளால் ஆனது. அடியில் தடித்த ஏராக்கட்டை ஓடும். இரண்டு பக்கப் பலகைகளும் அதிலிருந்து சரிந்து எழும். முன்பு பலகைகளைத் தைத்துச் சேர்த்தார்கள், இப்போது ஆணி. சரிந்த அடிப்பாகம் அலையை அறுத்துக்கொண்டு போகும், ஏரா காற்றில் நழுவாமல் பிடித்துக்கொள்ளும், நீளம் வேகம் தரும், பின்பக்கத்தில் அவுட்போர்டு மோட்டார் உட்காரும். விலை என்ன? அதைச் சேற்றுக் கரையில் தள்ளி ஏற்ற ஒரு குழுவே வேண்டும். முழங்கால் நீரில் அது தரை தட்டும். இவ்வளவு இருந்தும் அந்த ஏரியில் மீனவர் உயிரிழப்பு நிற்கவில்லை. பல படகுகளில் சுமை அதிகம், உயிர்காப்புச் சட்டை இல்லை.

அமெரிக்கத் தூண்டில்காரர்களின் அலுமினியப் படகுகளிலும் இதே பேரம்தான். தட்டை அடி உள்ளது அமைதியான நீரில் ஆளை நிற்க விடும், ஆழமில்லாத இடத்தில் ஊர்ந்து போகும். அலை வந்தால் ஒவ்வொன்றிலும் அறைபட்டு முதுகெலும்பை உலுக்கும். கூம்பு அடி உள்ளது அலையை மெத்தென்று அறுக்கும். நின்ற நிலையில் பக்கவாட்டில் அதிகம் ஆடும். முன்பக்கம் கூராகவும் பின்பக்கம் தட்டையாகவும் செய்து இரண்டையும் ஓரளவு சமாளிக்கிறார்கள்.

ஆழம் குறைந்து புல்லும் பாசியும் அடர்ந்த நீரில் விதி வேறு. கம்போடியாவின் டோன்லே சாப் ஏரி மேட்டூரைப் போலவே ஆண்டுக்கு இரண்டு முகம் காட்டும். கோடையில் ஆழம் ஒரு மீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். மழைக்காலத்தில் மீகாங் ஆறு பெருகி, ஏரியிலிருந்து வெளியேறும் ஆற்றையே திசை திருப்பி உள்ளே தள்ளும். ஏரி பல மடங்கு விரிந்து காட்டுக்குள் நுழையும். அங்கே ஓடுபவை ஒல்லியான, நீளமான, அடி தட்டையான படகுகள். மோட்டாரிலிருந்து நீண்ட கம்பி ஒன்று பின்னால் நீளும். அதன் நுனியில் விசிறி. புல் சுற்றினால் கைப்பிடியை அழுத்தி விசிறியை நீருக்கு மேலே தூக்கிவிடலாம். ஆழமில்லாத இடத்தில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழேயே ஓட்டலாம். மணிப்பூரின் லோக்தாக் ஏரியில் மிதக்கும் புல்திட்டுகளுக்கு இடையே உள்ள ஒடுங்கிய நீர்வழிகளில் இரண்டு மீட்டர் அகலப் பரிசல் நுழையவே முடியாது. அங்கே ஒற்றையாள் தோணியும் ஊன்றுகோலும். வங்கத்தில் பனைமரத்தைக் குடைந்தே தோணி செய்துவிடுகிறார்கள்.

ஒல்லிப் படகின் வேகமும் வேண்டும், அகலப் படகின் நிலைப்பும் வேண்டும் என்றால்? இலங்கைக் குளங்களின் மீனவர்கள் கடலிலிருந்து ஒரு விடையை உள்நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். 1950-களின் தொடக்கத்தில் திலாப்பியா அங்கே அறிமுகமான பிறகு, பழங்கால மன்னர்கள் வெட்டிய பாசனக் குளங்களில் மீன்பிடி பெருந்தொழிலாக வளர்ந்தது. அவர்கள் ஓட்டுவது ஒடுங்கிய ஃபைபர் தோணி. பக்கத்தில் இரண்டு கழிகள் நீண்டு, முனையில் ஒரு மிதவைக் கட்டையைப் பிடித்திருக்கும். கட்டை சிறிதுதான். ஆனால் அது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதன் இருமடிப் பெருக்கத்தில் நிமிர்த்தும் பண்பு கூடுகிறது. ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்த கைத்தடிமன் கட்டை, தோணியின் சொந்த நிலைப்பைப் பல மடங்கு உயர்த்திவிடுகிறது. வலையை மட்டும் மிதவை இல்லாத பக்கத்தில் எடுக்க வேண்டும், கழியில் சிக்காமல். பட்ட மரங்கள் நிறைந்த நீரிலும் கழிகள் தொல்லை தரும்.

இனி எதனால் செய்வது என்ற கேள்வி. 1944-இல் அமெரிக்காவின் ஆடிரோன்டாக் மலை ஏரிகளில் வில்லியம் ஹாஃப்மன் என்பவர் தோணிப் பயணம் போனார். ஏரிக்கு ஏரி இடையே அந்தக் கனத்த தோணியைத் தோளில் சுமந்து சலித்தார். அவர் வேலை பார்த்தது கிரம்மன் என்ற போர் விமான நிறுவனத்தில். விமானத்துக்கு வளைக்கும் அலுமினியத் தகட்டைத் தோணிக்கு வளைத்தால் என்ன என்று யோசித்தார். போர் முடிந்த கையோடு கிரம்மன் அலுமினியத் தோணிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. எடை குறைந்தது, உளுக்காது, பாறையில் இடித்தால் உடையாமல் நசுங்கும், தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம்.

நம் நீர்த்தேக்கங்களில் மூங்கிலின் இடத்தைக் கண்ணாடி இழை பிடித்துவருகிறது. ஃபைபர் பரிசல்களை அரசு மானியத்திலும் கொடுக்கிறார்கள். தார் பூச வேண்டாம், நீர் கசியாது, பல ஆண்டு உழைக்கும். இவை உண்மையான நன்மைகள். ஆனால் ஒரு வித்தியாசத்தை வாங்குபவர்களிடம் யாரும் விளக்குவதாகத் தெரியவில்லை. காய்ந்த மூங்கில் நீரைவிட லேசு. மூங்கில் பரிசல் முழுவதும் நீர் நிரம்பினாலும் அந்தச் சட்டகம் மேலேயே கிடக்கும். ஆள் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று இருக்கும். கண்ணாடி இழை நீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம், அலுமினியம் 2.7 மடங்கு. இவற்றால் செய்த படகு, உள்ளே காற்று இருக்கும்வரைதான் மிதக்கும். நீர் நிரம்பினால் நேரே அடிக்குப் போய்விடும். அதைத் தடுக்க, இருக்கைக்கு அடியிலோ விளிம்பைச் சுற்றியோ நுரைப் பொருள் அடைத்த மூடிய அறைகள் வைத்தாக வேண்டும். செலவைக் குறைக்க நினைக்கும் தயாரிப்பாளர் முதலில் கைவைக்கும் இடமும் அதுதான்.

நுரைப் பொருளின் பலம் சாதாரணமானதல்ல. தெர்மாகோல் ஒரு கனமீட்டர் எடை பெரும்பாலும் 30 கிலோவுக்குள் அடங்கும். அது தாங்கும் சுமையோ 950 கிலோவுக்கு மேல். சிறு ஏரிகளில் தெர்மாகோல் பலகையைச் சாக்கில் கட்டி, அதன் மேல் உட்கார்ந்தே வலை போடுகிறவர்கள் உண்டு. லாரி டியூப் மேல் பலகை கட்டியும் போகிறார்கள். அமைதியான, சிறிய குட்டையில் அதில் தவறில்லை. ஆனால் டியூப் ஒரு முள்ளுக்குத் தாங்காது, கட்டாத தெர்மாகோல் உதிர்ந்து மீன் வாயில் போகும், இரண்டுமே காற்றடிக்கும் பெரிய அணைக்கு ஏற்றவை அல்ல.

ஆகவே வட்டமா, நீளமா என்ற கேள்விக்கு மேட்டூர் போன்ற நீர்த்தேக்கத்தில் ஒற்றை விடை இல்லை. கரையோரக் குடாக்களிலும் வற்றிய மாதங்களிலும், இரண்டு ஆள் செவுள் வலைத் தொழிலுக்குப் பரிசலை வெல்ல ஒன்றுமில்லை. நிறைந்த அணையின் நடுவே போய் வலை போடுபவருக்கும், அக்கரைக்குச் சரக்கோ ஆட்களோ கொண்டுபோகிறவருக்கும் ஐந்தாறு மீட்டர் நீளமும், பின்பக்கம் மோட்டார் பொருத்தும் பலகையும், லேசாகக் கூம்பிய அடிப்பாகமும் உள்ள படகே சரி. ஒரே குடும்பத்தால் இரண்டையும் வாங்க முடியாது. கூட்டுறவுச் சங்கம் நாலைந்து நீளப் படகுகளைப் பொதுவில் வைத்து, ஆனி ஆடியில் முறைபோட்டுக் கொடுக்கலாம். மானியத் திட்டம் வகுப்பவர்கள் எல்லா அணைக்கும் ஒரே அச்சுப் படகை அனுப்பாமல், அந்தந்த நீரில் வலை போடுபவர்களிடம் முதலில் கேட்க வேண்டும்.

வாங்கப் போகிறவருக்கு ஒரு வேண்டுகோள். எந்த வடிவமானாலும், எந்தப் பொருளானாலும், பணம் கொடுப்பதற்கு முன் படகை இடுப்பளவு ஆழத்தில் இறக்கி, வாளியால் நீரை மொண்டு விளிம்புவரை நிரப்பிப் பாருங்கள். பிறகு இரண்டு பேர் வெளியிலிருந்து அதன் விளிம்பைப் பிடித்துத் தொங்குங்கள். அப்போதும் அது மிதந்தால் வாங்கலாம். கூடவே ஆளுக்கொரு உயிர்காப்புச் சட்டையும் வாங்குங்கள். அமிழ்ந்தால், எவ்வளவு மானியம் கிடைத்தாலும் அந்தப் படகு வேண்டாம்.